பலவீனரின் ஆயுதமும் அதன் எல்லையும்

அதிகாரம் பாராளுமன்றங்களிலும் படைமுகாம்களிலும் மட்டுமே உறைகின்றது என எண்ணுவோர் பலர். வயல் வரப்பிலும் நெற்களத்திலும் அது நாள்தோறும் செயற்படுமாற்றை ஆராய்வதிலே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய ஜேம்ஸ் ஸ்கொட் (1936–2024).

பர்மா, வியட்நாம் விவசாயிகளின் கிளர்ச்சிகளை அவர் 1976இல் வெளியிட்ட நூல் ஆராய்ந்தது. தன்னிடமிருந்து எவ்வளவு பறிக்கப்பட்டது என்பதைவிட, உண்பதற்கு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே உழவனின் கேள்வி என அதிலே நிறுவினார். ஆனால் கிளர்ச்சிகள் அரிதாகவே நிகழ்வன. கிளர்ச்சியில்லாத காலத்தில் ஏழை என்ன செய்கின்றான்? இவ்வினாவுக்கு விடை காணவே 1978 முதல் 1980 வரை மலேசியாவின் கெடா மாநிலத்துக் கிராமமொன்றில் அவர் ஆய்வு நடத்தினார்.

மூடா நீர்ப்பாசனத் திட்டம் அங்கு இருபோக விளைச்சலைத் தந்திருந்தது. பின்னர் அறுவடை இயந்திரம் வந்தது. கூலியாட்களின் பிழைப்பு பறிபோயிற்று. அவர்கள் கொடி தூக்கவில்லை. கதிரடிக்கையில், தம் குடும்பத்தார் பின்னர் பொறுக்கிக்கொள்வதற்காகத் தாளிலே நெல்மணிகளை விட்டுவைத்தனர். இரவில் நெல்மூட்டைகள் களவு போயின. இயந்திரத்தை அமர்த்தியோரின் வயல்களில் நாற்று நடுவதைப் பெண்கள் தட்டிக்கழித்தனர். இச்செயல்களையே 1985இல் வெளிவந்த நூலில் ‘பலவீனரின் ஆயுதங்கள்’ என ஸ்கொட் அழைத்தார்.

ஏழைகள் ஆளும் வர்க்கத்தின் கருத்துக்களுக்கு ஆட்பட்டு உறங்குகின்றனர் என்ற எண்ணம் முற்போக்காளரிடையேயும் உண்டு. அதனை இந்நூல் தகர்க்கின்றது. முன்னால் பணிந்து நிற்பவன் பின்னால் என்ன பேசுகின்றான் என்பதைக் கேளாமல், அவனுக்கு விழிப்பூட்டப் புறப்படுவது பேதைமை. மேலும், சோவியத் கூட்டுப்பண்ணைகளையும் தன்சானியாவின் கட்டாயக் குடியேற்றங்களையும் 1998இல் அவர் கண்டித்தபோது, மக்களின் அனுபவ அறிவைப் புறக்கணித்த திட்டங்களையே கண்டித்தார். இடதுசாரிகளாகிய நாம் அக்குற்றச்சாட்டைத் தட்டிக்கழித்தல் தகாது.

எனினும், கெடாவில் இயந்திரம் நிற்கவில்லை. வெளியாட்களைக் கொண்டு நடுவிப்போம் என்ற மிரட்டலின் முன் பெண்களின் பகிஷ்கரிப்புத் தளர்ந்தது. ஸ்கொட் இத்தோல்வியை மறைக்கவில்லை. அது அவரது நேர்மை. ஆயின் அதற்கான பரிகாரத்தை அவர் அமைப்பு ரீதியான போராட்டத்திலே தேடவில்லை. மாறாக, 2009இல் வெளிவந்த நூலில், அரசின் பிடிக்குத் தப்பி மலைகளில் வாழ்ந்த மக்களின் வரலாற்றை வியந்து எழுதினார். தப்பியோட மலையில்லாத கூலியாளுக்கு இதில் என்ன வழி?

தாளில் எஞ்சிய நெல் ஒரு வேளைப் பசியை ஆற்றலாம். நிலவுடைமையை அது மாற்றாது. தனித்தனியே நிகழும் எதிர்ப்பை ஒன்றிணைக்கச் சங்கம் தேவை. அச்சங்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஸ்கொட்டிடமிருந்து நாம் கற்கலாம். எங்கே சென்றடைய வேண்டும் என்பதை நாமே காண வேண்டும்.