குடமும் உயிரும்: வடிவம் பற்றிய ஒரு சிக்கல்

தாராவிக் கும்பார்வாடாவில், குசராத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் வழியினர் சக்கரம் சுழற்றுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். சைவ சித்தாந்திகள் உலகத் தோற்றத்தை விளக்கக் கையாண்ட எடுத்துக்காட்டே அங்குக் கண்முன் நிகழ்கிறது. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே மாயை, சத்தி, சிவன் எனக் கொள்வர்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காரணம் நான்கு என்றார்: பருப்பொருள், வடிவம், இயக்குவது, பயன். இரு கொள்கைகளையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றே என முடித்துவிடும் கட்டுரையாளர் உளர். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. சித்தாந்தம் கூறும் மூன்றனுள் வடிவம் எங்கே? அது மறதியால் விடுபட்டதன்று. சற்காரியவாதப்படி, குடம் மண்ணில் நுண்ணிலையில் முன்னரே அடங்கியுள்ளது. குயவன் அதனை வெளிப்படுத்துகிறான். அரிஸ்டாட்டிலுக்கோ வடிவம் முதற்கண் கைவினைஞன் உள்ளத்தில் உள்ளது; மண்ணுக்கு அதனை ஏற்கும் ஆற்றல் மட்டுமே உண்டு. ஆற்றலும் அடக்கமும் ஒன்றல்லவா எனின், அன்று. முன்னது இன்னும் ஆகாத நிலை. பின்னது உள்ளதன் மறைந்த நிலை.

மொழிபெயர்ப்பும் குழப்பத்தை வளர்த்தது. 'உருவம்' என்றதும் கட்புலனாகும் தோற்றமே நினைவுக்கு வருகிறது. கண் ஓர் உயிரியாயின் பார்வையே அதன் உயிர் என்றும், கல்லிற் செதுக்கிய கண் பெயரளவிலேயே கண் என்றும் அரிஸ்டாட்டில் கூறினார். கற்சிலையின் கண்ணுக்கு உருவத்தில் என்ன குறை? ஒன்றை அதுவாகவே ஆக்கும் இயல்பையே அவர் கருதினார். 'பொருள்' என்னும் சொல்லோ இன்னும் தொல்லை தருவது: செல்வமும் அதுவே, சொல்லின் கருத்தும் அதுவே, நன்னூலார் அறுவகைப் பெயருள் வைத்ததும் அதுவே!

சிக்கல் உயிரிடத்தே முற்றுகிறது. உயிர் உடலின் வடிவம் என்னும் அரிஸ்டாட்டில் கொள்கையை ஏற்ற தாமஸ் அக்குவினாஸ் (இறப்பு 1274), உடல் வீழ்ந்த பின்னும் மனித உயிர் நிலைக்கும் என நாட்டப் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது. அதே 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டாருக்கு அவ்வுழைப்புத் தேவைப்படவில்லை. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடலை 'எனது' என நாம் வழங்குவதையே ஒரு சான்றாக்கி, உயிர் உடலின் வேறு என நிறுவிவிட்டார். ஆயின் வேறான உயிர் உடலோடு எவ்வாறு ஒன்றுபட்டு நிற்கிறது என்னும் சுமை சித்தாந்தியின் தோளில் ஏறுகிறது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது அவர் தரும் விடை. அக்குவினாஸின் விடையோடு வைத்து எண்ண வேண்டியது இதனையே, குயவன் மண்ணையன்று.