புள்ளி சொல்லும் மென்பொருள்

அக்குபங்சர் சிகிச்சையைத் திட்டமிட்டு, ஊசி போடும் நேரம் முழுவதும் உடனிருந்து வழிகாட்டுவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பெருகிவிட்டன. அவற்றை எடைபோட உட்காரும்போது, அக்குபங்சரே மெய்யா பொய்யா என்ற பழைய வழக்கைத் திரும்பவும் நடத்தத் தேவையில்லை. தன் துறை உறுதியாக அறிந்ததை மென்பொருள் பிசகாமல் எடுத்துக்கொண்டிருக்கிறதா, அறியாததை அறிந்ததுபோல் காட்டுகிறதா என்பதே இங்கே கேட்கவேண்டிய கேள்வி. இந்த உரைகல்லில் உரசினால் ஒரு கோணல் தெரிகிறது. துறையின் ஆதாரம் மெலிந்த இடத்தில்தான் இக்கருவிகள் மிக நுணுக்கமாக உழைக்கின்றன. ஆதாரம் திடமாக உள்ள இடத்தை மேலோட்டமாகக் கடந்துவிடுகின்றன.

முதல் வகை, நேரத்தைக் கணக்கிட்டுப் புள்ளி சொல்வது. கணினிக்கென்றே வகுத்துவைத்ததுபோல் மரபுக்குள்ளேயே ஒரு முறை இருக்கிறது: ட்ஸிவு லியுஜு. அறுபது நாள் சுழற்சியில் இன்று எந்த நாள், பன்னிரண்டு ஈரமணிப் பொழுதுகளில் இது எந்தப் பொழுது என்று கணக்கிட்டு, 66 புள்ளிகளில் எது இப்போது ‘திறந்திருக்கிறது’ என்று காணும் முறை அது. 1601இல் வெளிவந்த யாங் ஜிஜோவின் ‘ஜென்ஜியு தாச்செங்’ நூலிலும் இதற்கு இடமுண்டு. மனக்கணக்கில் தடுமாறவைக்கும் இந்த வாய்பாட்டை மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறது. விதி வெளிப்படையானது, எவரும் சரிபார்க்கலாம். இது உண்மையான நிறை.

ஆனால் இம்முறை பிறந்த காலத்தில் பொழுது என்றால் அந்தந்த ஊரின் சூரியப் பொழுது. கைபேசி காட்டுவதோ நாட்டின் பொது நேரம். சீனா முழுவதற்கும் ஒரே நேரம். அது 120 பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. உரும்சி நகரமோ 87 பாகைக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் இருப்பதால், அங்கே சூரியப் பொழுது கடிகாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி பத்து நிமிடம் பின்தங்கும். இந்தத் திருத்தத்தைச் செய்யாத மென்பொருள் ஒரு முழு ஈரமணிப் பொழுதையே தவறவிட்டு, வேறொரு புள்ளியை முழு நம்பிக்கையோடு காட்டும். சென்னையில் வேறுபாடு சராசரியாகப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. ஆனாலும் பொழுதின் விளிம்பில் வருகிற நோயாளிக்கு அதுவே புள்ளியை மாற்றிவிடும். நாள் இரவு 11 மணிக்குத் தொடங்குகிறதா, நள்ளிரவிலா என்பதிலும் மரபுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எந்தக் கருத்தை எடுத்துக்கொண்டோம் என்று திரையில் சொல்லாத மென்பொருள், கணக்கைச் சரியாகவே போட்டாலும் முறையியலில் தோற்கிறது.

இரண்டாவது வகை, தோலின் மின்கடத்தலை அளந்து திட்டம் போடுவது. 1950களில் ஜப்பானில் யோஷியோ நகதானி உருவாக்கிய ரியோடொராகு முறையே இதன் மூலம். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் 24 இடங்களில் அளவெடுத்து, சராசரியிலிருந்து எந்த நாளம் (மரபு சொல்லும் ஆற்றல் வழி) விலகுகிறது என்று பட்டைப் படம் வரைந்து, எதைத் தூண்டுவது, எதை அடக்குவது என்று சொல்லும். மருத்துவர் மாறினாலும் ஒரே கேள்வியை ஒரே வரிசையில் கேட்பது இதன் பலம். நாடிபார்த்தலில் இல்லாத ஒழுங்கு இங்கே இருக்கிறது. ஆனால் தோலின் ஈரம், வியர்வை, மின்முனையை அழுத்தும் விசை ஆகிய மூன்றும் அந்த எண்ணை எளிதில் அசைத்துவிடும். அக்குபங்சர் புள்ளிகளின் மின்பண்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்களால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை.

இதைவிடப் பெரிய குறை வட்டத் தருக்கம். நோயைக் கண்டதும் அதே கருவி, புள்ளியைச் சொன்னதும் அதே கருவி, சிகிச்சைக்குப் பின் ‘சமநிலை திரும்பியது’ என்று சான்று தருவதும் அதே கருவி. தேர்வுத்தாளை அமைத்தவரே விடையையும் எழுதி மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வது போன்றது இது. வலி குறைந்ததா, தூக்கம் வந்ததா என்று கருவிக்கு வெளியே நின்று கேட்கிற ஓர் அளவை இல்லாதவரை அந்தப் பட்டைப் படம் நோயாளியைப் பற்றி எதையும் நிறுவாது.

மூன்றாவது வகைக்குத்தான் இன்று மவுசு அதிகம். பழைய சிகிச்சைப் பதிவுகளிலிருந்து கற்று, அறிகுறிகளைக் கொடுத்தால் புள்ளிகளைத் தொகுத்துத் தருவது. இதன் முன்னோடி மதிக்கத்தக்கது. 1970களின் இறுதியில் பெய்ஜிங்கில் குவான் யோபோ என்ற மூத்த மருத்துவரின் கல்லீரல் நோய் சிகிச்சை முறையைக் கணினி நிரலாக்கினார்கள். அது மூலிகை மருத்துவம் சார்ந்தது என்றாலும், ஒரு குறிப்பிட்ட ஆசிரியரின் குறிப்பிட்ட முறை என்று பெயர் சொல்லிக்கொண்டு நின்றது. ஏற்கவோ மறுக்கவோ அங்கே ஒரு முகம் இருந்தது. பல பள்ளிகளின் பதிவுகளைக் கலந்து கற்கும் மென்பொருளில் அந்த முகம் மறைந்துவிடுகிறது.

கலப்பதற்கே முன்னால் அந்தப் பதிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கவேண்டும். நாள்பட்ட இடுப்புவலியுள்ள ஒரே பெண்ணை ஏழு அக்குபங்சர் மருத்துவர்கள் தனித்தனியே பார்த்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. அவர்கள் சொன்னவை மொத்தம் 28 புள்ளிகள். அவற்றில் குறைந்தது இருவராவது ஒத்துப்போனவை நான்கு மட்டுமே. ஒருவர் ஏழு ஊசி என்றார், இன்னொருவர் 26 என்றார். இத்தகைய பதிவுகளை ஆயிரக்கணக்கில் ஊட்டினால் வெளியே வருவது பழக்கத்தின் சராசரி. ஸூசான்லி என்ற புள்ளி அடிக்கடி எழுதப்பட்டிருப்பதால் ஸூசான்லி அடிக்கடி வரும். குணமானவர் யார், ஆகாதவர் யார் என்று பதிவில் இல்லாதபோது பயனைக் கற்க வழியே இல்லை.

இனி அடிப்படைக்கு வருவோம். புள்ளித் தேர்வு எவ்வளவு முக்கியம்? ஜெர்மனியில் இடுப்புவலி நோயாளிகள் 1,162 பேரிடம் நடந்த பெரும் பரிசோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, மரபுப் புள்ளிகளில் ஊசி போடப்பட்டவர்களில் 47.6 விழுக்காட்டினரும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினரும் பலன் கண்டிருந்தார்கள். மேலோட்டமான குத்தலும் உடலில் வினைபுரியும், ஆகவே அது வெறும் போலி அல்ல என்பது அக்குபங்சர் தரப்பின் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வாதத்தை முழுதாக ஏற்றாலும், சரியான புள்ளியைச் சொல்வதே தன் சாதனை என்னும் மென்பொருளுக்கு அது உதவாது. இடம் மாறினாலும் பலன் வருகிறது என்றுதானே அந்த வாதம் ஒப்புக்கொள்கிறது?

29 பரிசோதனைகள், 17,922 நோயாளிகளின் தனித்தனித் தரவுகளைத் திரட்டி 2013இல் வந்த பகுப்பாய்வு இன்னும் தெளிவானது. எந்த மரபு, எந்தப் புள்ளித் திட்டம் என்பவை பலனை மாற்றியதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. அக்குபங்சர் அல்லாத சிகிச்சையோடு ஒப்பிடும்போது, ஊசிகளும் அமர்வுகளும் கூடியிருந்தால் பலனும் கூடியிருந்தது. அதாவது பொருட்படுத்தவேண்டியது அளவு. இங்கேதான் மென்பொருளின் திட்டமிடல் வேலை தொடங்கவேண்டும்: எத்தனை அமர்வு, என்ன இடைவெளி, எத்தனையாவது அமர்வில் முன்னேற்றத்தை அளப்பது, எப்போது நிறுத்துவது. தலைவலித் தடுப்புக்கு 5 முதல் 8 வாரங்களில் 10 அமர்வுகள் வரை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012இல் வரையறுத்தது. இப்படியொரு எல்லையைச் சொல்லி, எல்லை வந்ததும் ‘பலன் இல்லை, நிறுத்துங்கள்’ என்று எச்சரிக்கும் மென்பொருளை நான் எந்தத் தயக்கமும் இன்றிப் பாராட்டுவேன். நோயாளியின் பணமும் மாதங்களும் அந்த ஒரு வரியில் காப்பாற்றப்படும்.

புள்ளியின் இடத்தைக் காட்டும் பணியில் மென்பொருள்களுக்கு நல்ல அடித்தளம் உண்டு. சீனா, ஜப்பான், கொரியா மூன்றும் 92 புள்ளிகளின் இடத்தில் வேறுபட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் பிரிவு பல கூட்டங்களுக்குப் பிறகு 361 புள்ளிகளின் இடத்தை வகுத்து 2008இல் நூலாக்கியது. ஆறு புள்ளிகளுக்கு மட்டும் மாற்று இடமும் குறிக்கப்பட்டது. இந்த நூலைப் பின்பற்றி, அந்த ஆறிலும் இரு இடங்களையும் காட்டுகிற மென்பொருள் நேர்மையானது, மாணவருக்கு மிகப் பயனுள்ளது. ‘சுன்’ என்பது அவரவர் உடலின் விகித அளவு என்பதை மறந்து ஒரே உருவத்தில் புள்ளி வைத்து நிறுத்திக்கொள்வது பாதி வேலைதான்.

பாதுகாப்பில்தான் இக்கருவிகளால் அதிகம் சாதிக்க முடியும். பேசப்படுவதோ குறைவு. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கண்காணித்ததில் 8.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பக்கவிளைவு இருந்தது. இருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தது. தோளில் உள்ள ஜியன்ஜிங் புள்ளிக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது என்று ஊசி எடுக்கும் முன்பே ஆழத்தைச் சொல்லி எச்சரிப்பது, கருவுற்றிருப்பதாகப் பதிவாகியிருந்தால் ஹெகு, சான்யின்ஜியாவ் புள்ளிகளைத் திட்டத்திலிருந்து நிறுத்திவைப்பது, போட்ட ஊசியையும் எடுத்த ஊசியையும் எண்ணிச் சரிபார்ப்பது ஆகியவை நிரலாக்குவதற்கு எளியவை. உடலில் மறந்துவிட்ட ஊசி என்பது பிரிட்டனின் கண்காணிப்பு ஆய்வில் உண்மையாகவே பதிவான விபத்து. ஆனாலும் ஊசிக் கணக்கை எவரும் முகப்பில் வைத்து விற்பதில்லை. நாளப் படத்தையே வைக்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு பிளவுபட்டது. பதிவேடாக, இடம் காட்டும் துணையாக, ஆபத்தைத் தடுக்கும் காவலாக இந்த மென்பொருள்களை ஏற்கலாம். புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் ஆசானாக ஏற்பதற்கு இன்று போதிய ஆதாரம் இல்லை. இந்த இரண்டாம் பாதி மாறக்கூடியது. அதற்கு வேண்டியது இப்படியொரு பரிசோதனை: ஒரே நோய், அமர்வும் ஊசி எண்ணிக்கையும் எல்லோருக்கும் சமம், ஒரு குழுவுக்கு மென்பொருள் சொன்ன புள்ளிகள், இன்னொன்றுக்கு மருத்துவர் தாமாகத் தேர்ந்தவை, மூன்றாவதற்கு எல்லோருக்கும் பொதுவான நிலைத்த பட்டியல். நோயாளி எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை அறியாத ஒருவர் பலனை அளக்கவேண்டும். அதில் மென்பொருள் மற்ற இரண்டையும் முந்தினால், மேலே சொன்ன மறுப்பைத் திரும்பப் பெறுவதே நியாயம்.