கொக்கியில் மாட்டியவை

வேர்டுபிரஸில் கட்டிய தளத்தின் முகப்பில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு சுருக்கம் வரும். நாம் தனியாக எழுதித் தராவிட்டால், கட்டுரையின் முதல் 55 சொற்களை அதுவே நறுக்கி எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் 55 சொல் என்பது நாலைந்து வரி. தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதும் ஒரே சொல்தான். அதனால் தமிழ்த் தளங்களில் சுருக்கம் இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. மூல நிரலில் 55 என்று எழுதியிருக்கும் கோப்பைத் திறந்து 30 என்று மாற்றிவிடலாம். உடனே பலன் தெரியும். ஆனால் அடுத்த அப்டேட்டில் அந்தக் கோப்பே புதிதாக மாற்றப்பட்டு, 55 திரும்ப வந்துவிடும். மற்ற வழி, மூல நிரலைத் தொடாமல், நீளம் எவ்வளவு என்று அது கேட்கும்போது 30 என்று பதில் சொல்லும் மூன்று வரியை வெளியிலிருந்து மாட்டிவிடுவது. எத்தனை அப்டேட் வந்தாலும் அது நிற்கும். இந்த இரண்டாவது வழிக்கு இடம் வைத்ததுதான் வேர்டுபிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் செய்த மிகப் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். அந்த வழியில் சேர்ந்துவிட்ட கேடுகளும் சிறியவை அல்ல.

வேர்டுபிரஸின் பிறப்பே கைவிடப்பட்ட ஒரு நிரலை எடுத்து வளர்த்ததில்தான் தொடங்குகிறது. மிஷேல் வால்ட்ரிகி எழுதிய ‘பி2’ என்ற மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27 அன்று முதல் பதிப்பு வந்தது. 2004இல் வந்த 1.2 பதிப்பில், வெளியிலிருந்து நிரலை மாட்டும் பிளகின் முறை சேர்ந்தது; 2005இல் 1.5 பதிப்பில், தளத்தின் தோற்றத்தை மாற்றும் தீம். இன்று உலகின் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதன்மேல் நிற்கின்றன. இலவசம் என்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. இதே வகை அமைப்புகளான ட்ரூபலும் ஜூம்லாவும்கூட இலவசம்தான். நிரல் அதிகம் தெரியாதவரும் தன் தளத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற துணிவை வேர்டுபிரஸ் கொடுத்தது.

அந்தத் துணிவுக்கு அடிப்படை, ஹூக் எனப்படும் கொக்கி. தரவுத்தளத்திலிருந்து ஒரு கட்டுரையை எடுத்து வாசகரின் திரைக்குக் கொண்டுபோகும் வழியில், வேர்டுபிரஸ் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரு கணம் நின்று குரல் கொடுக்கிறது. தலைப்பு கையில் இருக்கிறது, யாருக்காவது இதை மாற்ற வேண்டுமா? பக்கத்தின் அடிப்பகுதி வந்துவிட்டது, யாராவது எதையாவது சேர்க்க வேண்டுமா? விருப்பமுள்ள பிளகின்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டுப் பொருளைத் திரும்பத் தருகின்றன. யார் முதலில், யார் பிறகு என்பதற்கு ஒரு வரிசை எண் உண்டு, குறிப்பிடாவிட்டால் 10. இவ்வளவுதான் இயந்திரம். இதை எழுதியவர்களுக்கு நம் தளம் எதைப் பற்றியது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு வலைப்பதிவு மென்பொருளின்மேல் 2011இல் ‘வூகாமர்ஸ்’ என்ற முழுக் கடையைக் கட்ட முடிந்தது இந்தக் கொக்கிகளால்தான்.

ட்ரூபல்காரர்களிடம் இது ஒரு நெறியாகவே வேரூன்றியது. மூல நிரலில் கைவைக்காதே என்பது அங்கே புதிதாக வருபவருக்குச் சொல்லப்படும் முதல் பாடம். கொக்கியில் மாட்டிய நிரலுக்கும் மூலத்துக்கும் இடையே உறவு அறுபடுவதில்லை. மூலத்தில் ஓட்டை அடைபட்டால் நமக்கும் அடைபடும்.

ஆனால் நடைமுறையில் தளங்களை மாற்றுபவர்கள் எல்லோரும் கொக்கியோடு நிற்பதில்லை. நகல் எடுக்கிறார்கள். நான் பார்த்தவரை, இந்தத் தொழிலின் பெருந்துன்பங்களில் பாதி நகலிலிருந்து வருகிறது. சைல்டு தீம் என்ற முறையையே பாருங்கள். மூல தீமைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறிய தீம் வைத்து, மாற்ற வேண்டிய கோப்பை மட்டும் அதில் நகலெடுத்துத் திருத்துவது. எல்லாப் பயிற்சிகளிலும் இதைப் பாதுகாப்பான வழி என்றே கற்பிக்கிறார்கள். நிறங்களை, எழுத்துருவை மாற்றுவதற்கு அது சரிதான். ஒரு வார்ப்புருக் கோப்பையே நகலெடுத்த கணத்திலிருந்து, அந்தக் கோப்புக்கு மூலத்தில் வரும் எந்தத் திருத்தமும் நம்மை வந்து சேராது. வூகாமர்ஸின் நிலை அறிக்கைப் பக்கத்தில், பழையதாகிப்போன நகல் வார்ப்புருக்களைக் காட்ட ஒரு பகுதியே வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள்?

2011 ஆகஸ்டில் வெளிப்பட்ட டிம்தம்ப் ஓட்டை இதற்குப் பெரிய சான்று. படங்களின் அளவைக் குறைத்துக் கொடுக்கும் சிறிய நிரல் அது. வசதியாக இருந்ததால் எண்ணற்ற தீம்கள் தங்களுக்குள் அதை ஒரு நகலாக வைத்துக்கொண்டன. வெளியிலிருந்து படம் எடுக்க அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியலை அது சரியாகச் சோதிக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட தளத்தின் பெயரைத் தன் முகவரிக்குள் எங்காவது வைத்துக்கொண்ட எவரும், படம் என்ற பெயரில் தீநிரலைச் சேவையகத்தில் இறக்கிவிட முடிந்தது. தளத்தின் சொந்தக்காரருக்கோ தன்னிடம் டிம்தம்ப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவர் நிறுவியது ஒரு தீம்; அதன் வயிற்றுக்குள் இருந்தது இது. வேர்டுபிரஸை அப்டேட் செய்தாலும் பயனில்லை, பிளகின் பட்டியலிலும் பெயர் இல்லை.

மூன்று ஆண்டு கழித்து ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற கட்டணப் பிளகினில் அதே கதை திரும்ப நடந்தது. தீம் விற்றவர்கள் அதையும் உள்ளே வைத்தே விற்றார்கள். தனியாக வாங்கியவர்களுக்குத் திருத்தம் போய்ச்சேர்ந்தது. தீமோடு சேர்த்துப் பெற்றவர்கள் அதை விற்றவரின் தயவுக்குக் காத்திருந்தார்கள். 2014 டிசம்பரில் ‘சோக்சோக்’ என்ற தீநிரல் அந்த ஓட்டை வழியாகப் பரவியதால், 11,000க்கு மேற்பட்ட தளங்களைக் கூகுள் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஒரு முறை சுட்டும் பாடம் படிக்கவில்லை என்று தீம் விற்றவர்களைக் குறைசொல்வது எளிது. வாங்குபவர்கள் நாமும் பத்து பிளகின்கள் இலவசமாக உள்ளே இருக்கின்றன என்பதற்காகத்தானே அந்தத் தீமைத் தேர்ந்தெடுக்கிறோம்.

நகலை விடுங்கள். முறையாகக் கொக்கியில் மாட்டிய பிளகினைப் பற்றியும் ஒரு கடுமையான உண்மை உண்டு. வேர்டுபிரஸில் பிளகின்களுக்கு இடையே சுவர் கிடையாது. 55ஐ 30 ஆக்கும் மூன்று வரிக்கும், முழுக் கடையை நடத்தும் வூகாமர்ஸுக்கும் ஒரே அதிகாரம்தான். இரண்டுமே தரவுத்தளம் முழுவதையும் படிக்கலாம், கோப்புகளை அழிக்கலாம், புதிய நிர்வாகியை உருவாக்கலாம். ஆகவே ஒவ்வொரு பிளகினும், அதை எழுதியவரின் கையில் நம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். அவர் நல்லவராக இருக்கலாம். அவரிடமிருந்து அதை விலைக்கு வாங்குபவர் யார்?

2017இல் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் கைமாறியது. சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த, ஒழுங்காக வேலை செய்த சிறிய பிளகின். புதிய உரிமையாளர் அப்டேட்டில் பின்கதவு ஒன்றை வைத்து, மற்றவர் தளங்களில் விளம்பரப் பக்கங்களை நுழைத்தார். வேர்டுபிரஸ் களஞ்சியத்திலிருந்து அது மீண்டும் மீண்டும் நீக்கப்பட்டும் திரும்பி வந்தது. அதே ஆண்டின் இறுதியில் 3 லட்சம் தளங்களில் இருந்த கேப்ட்சா பிளகினிலும், கைமாறிய பிறகு பின்கதவு வெளிப்பட்டது. அப்டேட் செய் என்ற அறிவுரையைப் பொறுப்போடு பின்பற்றியவர்கள்தான் இதில் பாதிக்கப்பட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு பிளகினின் பதிப்பு எண் தெரியும், எழுதியவர் பெயர் தெரியும். அது போன மாதம் விற்கப்பட்டது என்பதைச் சொல்ல ஒரு வரி கிடையாது.

2024 அக்டோபரில் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற, 20 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இயங்கும் பிளகின், டபிள்யூபி என்ஜின் நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்நிறுவனத்துக்கும் முல்லன்வெக் தரப்புக்கும் இடையே மூண்ட பூசலில், களஞ்சியத்தில் அந்தப் பிளகினுக்குரிய இடத்தையே வேர்டுபிரஸ்.ஆர்க் எடுத்துக்கொண்டு, ‘செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ என்று பெயர் மாற்றியது. பழையதை நிறுவியிருந்தவர்களின் தளங்களுக்கு அப்டேட் வடிவில் புதியது போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை பிறப்பித்த பிறகு இடம் திரும்பக் கிடைத்தது. நிரலை எடுத்துப் பிரித்து வளர்க்கும் உரிமையை வேர்டுபிரஸின் பொது உரிமம் எல்லோருக்கும் தருகிறது; அந்த உரிமை இல்லையென்றால் பி2 செத்து, வேர்டுபிரஸே பிறந்திருக்காது. ஆனால் பிரித்தெடுத்த நிரலை, பழையதை நம்பித் தேர்ந்தெடுத்தவரின் தளத்தில் அவரைக் கேட்காமல் வைப்பது வேறு. உரிமம் நிரலைப் பற்றிப் பேசுகிறது. அப்டேட் வரும் குழாயின் வாய் யார் கையில் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இவற்றைவிட மெதுவாக அரிக்கும் இன்னொரு கேட்டை நான் நேரில் பார்த்தேன். ஒரு சிற்றிதழின் தளத்தைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். எனக்கு முன் இருந்தவர் பக்கங்களை இழுத்துப் போட்டு வடிவமைக்கும் பிளகின் ஒன்றை அதில் வைத்திருந்தார். ஆண்டுக் கட்டணம் கட்ட முடியாமல் அதை நிறுத்தினோம். மறுநாள் பழைய கட்டுரைகள் அத்தனையிலும் பத்திக்குப் பத்தி சதுர அடைப்புக்குள் குறியீடுகள் தெரிந்தன. வரிசை, நெடுவரிசை, இடைவெளி, நிறம் எல்லாம் கட்டுரையின் உரைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. மறைந்துபோன எழுத்தாளர்களின் கதைகளை அந்தக் குறியீடுகளிலிருந்து மீட்டெடுக்க ஒரு கோடை முழுக்க ஆனது. உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்று பிரித்து வைப்பதே இத்தகைய அமைப்புகள் தந்த முதல் வாக்குறுதி. அவற்றின்மேல் கட்டிய ஒரு நீட்சி அந்த வாக்குறுதியையே உடைக்க முடிந்தது. எதையும் நீட்டலாம் என்றால் அடிப்படையைக் குலைக்கும்படியும் நீட்டலாம்.

பழையதை உடைக்காமல் காப்பதில் வேர்டுபிரஸுக்கு இருக்கும் பிடிவாதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2018 டிசம்பர் 6 அன்று 5.0 பதிப்பில் கட்டம் கட்டமாக எழுதும் புதிய தொகுப்பி வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் பழைய தொகுப்பியைத் திரும்பக் கொண்டுவர ஒரு பிளகின் போதுமாக இருந்தது. ட்ரூபல் மறுபக்கம் சாய்ந்தது. 2015இல் வந்த 8ஆம் பதிப்பு உள்கட்டமைப்பை முற்றாக மாற்றியதால், 7இல் எழுதிய ஒவ்வொரு நீட்சியையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பலர் நகரவே இல்லை. 2011இல் பிறந்த ட்ரூபல் 7இன் ஆதரவு 2025 ஜனவரி வரை நீண்டது. பொறியியலில் ட்ரூபல் எடுத்த முடிவு சுத்தமானது. ஆனால் ஒரு ஊர் நூலகமோ சிறு பத்திரிகையோ தன் தளத்தை இரண்டாவது முறை எழுத யாரிடம் காசு கேட்கும்? நான் வேர்டுபிரஸின் பக்கம்தான் நிற்பேன், அதன் பழைய நிரலின் அழுக்கோடு சேர்த்து.

தமிழ்த் தளங்கள் நீட்டிக்காமல் இருக்கவும் முடியாது. மூல நிரல் நம் எழுத்தை நினைத்து எழுதப்பட்டதல்ல. கட்டுரையின் முகவரிக்கு வேர்டுபிரஸ் ஒதுக்குவது 200 இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழில் ஒவ்வொரு குறியும் குறியாக்கத்துக்குப் பின் ஒன்பது இடம் பிடிக்கிறது; புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ‘தமிழ்நாட்டின் நீர்நிலைகள்’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘தமிழ்நாட்டின்-நீர்நிலைக’ என்று அறுந்து நிற்கும்.

தேடல் இன்னும் மோசம். உரைக்குள் அதே எழுத்து வரிசை அப்படியே இருக்கிறதா என்றுதான் மூல நிரல் பார்க்கிறது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ என்று எழுதியவரின் கட்டுரை கிடைக்காது, ‘மரங்கள்’ கிடைக்காது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் உடம்பே மாறும் மொழியில் இது பாதித் தேடல்கூட இல்லை. அந்தச் சிற்றிதழுக்காகத் தேடல் கொக்கியில் நாற்பது வரி எழுதி மாட்டினேன். ‘ம்’ என்று முடியும் சொல் வந்தால் ‘மரத்த’ என்பதையும் ‘மரங்’ என்பதையும் சேர்த்துத் தேடும். வீடு என்றால் ‘வீட்ட’. ஆறு என்றால் ‘ஆற்ற’. கால் மரத்துப் போனதைப் பற்றிய ஒரு கதையும் மரங்களோடு சேர்ந்து வருகிறது, அதை விட்டுவிட்டேன். கல் கற்களாவதை இன்னும் சேர்க்கவில்லை.

அந்தக் கோப்பின் தலையில், இது ஏன் எழுதப்பட்டது, எந்தக் கொக்கியில் தொங்குகிறது, எடுத்துவிட்டால் எது நின்றுபோகும், எது நிற்காது என்று பத்து வரி தமிழில் எழுதியிருக்கிறேன். தளத்தில் இருக்கும் ஏழு பிளகின்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாரிடம் எது இருக்கிறது என்று பார்த்து எழுதினேன். போன ஆண்டு அந்தத் தளத்தை ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தேன். அவர் முதலில் செய்தது, பட்டியலைப் பார்த்து இரண்டு பிளகின்களை நீக்கியது. பிறகு கற்களைச் சேர்த்திருக்கிறார்.