அவையின் மௌனம்: கட்டைக்கூத்தில் துகிலுரிதல் காட்சியும் அகவயப்பட்ட அச்சமும்

ராஜகுளம், உத்திரமேரூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் விழாக்களையொட்டிப் பாரதக் கூத்து விடிய விடிய நிகழ்த்தப்படுகிறது. அதில் 'பகடை துயில்' எனப்படும் சூதாட்ட, துகிலுரிதல் பகுதி பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் காட்சியாகவே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. ஓர் அவை தானே தன்னை அடக்கிக்கொள்ளும் காட்சியாகவும் அது அமைந்திருப்பது போதிய கவனம் பெறவில்லை.

தன்னையே தோற்றவன் மனைவியைப் பணயம் வைக்க உரிமை உடையவனா என்பது பாஞ்சாலியின் வினா. வாளுக்கு அஞ்சி அதற்கு விடை மறுத்தவராகப் பீட்டுமனைக் கூற இயலாது. அவன் வெல்லற்கரிய வீரன். அவன் நாவைக் கட்டுவது செஞ்சோற்றுக் கடன். இங்கு அச்சம் தன் பெயரில் வருவதில்லை. நன்றியறிதல் என்றும் அறத்தின் நுட்பம் என்றும் வேறு பெயர் பூண்டு வருகிறது. விதுரன் சொல் எடுபடவில்லை. இளையவன் விகர்ணன் பேசத் துணிந்ததும் கர்ணன் அவன் வயதைச் சுட்டி அடக்குகிறான். பிறப்பின் பெயரால் அவமதிக்கப்பட்டவனே அவையொழுங்கின் காவலனாக நிற்பதுதான் இக்காட்சியின் கூர்மையான பகுதி.

பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' (முதற்பாகம் 1912) வீதியில் வேடிக்கை பார்த்து நின்ற மக்களைக் கவிக்கூற்றாகவே இடித்துரைக்கிறது. கூத்து அவ்வாறு கடிவதில்லை. களத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஊரார், கண்முன் நடப்பதைக் கண்டும் பேசாதிருப்பதால், தாமும் கௌரவர் அவையாகிவிடுகின்றனர்.

இதே வட்டாரம் மற்றோர் அவைக்கும் பெயர்பெற்றது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) குடவோலைக்கு உரியோரை நிலவுடைமை, சொந்த மனை, 35 முதல் 70 வரையான வயது, வேதப் பயிற்சி என வரையறுக்கிறது. மக்களாட்சியின் முன்னோடி என்று அது போற்றப்படும்போது, அந்த வரையறைக்கு வெளியே நின்றோர் மறக்கப்படுகின்றனர். கூத்தின் வினாவோ அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்ட ஒருத்தியின் வாயிலிருந்து எழுகிறது.

ஆயினும் கூத்துக்கும் எல்லை உண்டு. துச்சாதனன் வேடதாரி சேலையைத் தொடுமுன் அம்மனிடம் பிழைபொறுக்க வேண்டுவது, வன்முறை வெறும் நடிப்பாகத் தேய்ந்துவிடாமல் காக்கிறது. மாறாக, வளரும் சேலை என்னும் அற்புதம் அவையை விடுவித்துவிடுகிறது. பாஞ்சாலி காக்கப்படுகிறாள், வினா விடையின்றி நிற்கிறது. அவ்வினாவை நெடுங்காலம் பெண்வேடமிட்ட ஆண்களே கேட்டுவந்தனர். பெ. ராஜகோபாலும் ஹன்னே எம். டி புரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் 2002 முதல் சிறுமியரும் பயின்றனர். 'கூத்தாடி' என்ற சொல் இன்றும் வசையாக வழங்கும் ஊர்களில், பெண்ணொருத்தி களமேறி அவ்வினாவைத் தன் குரலில் கேட்கும்போது அது கௌரவரை மட்டும் நோக்கியதாக இருப்பதில்லை.