அடிமை எழுதிய அரபு ஏடு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமய வரலாற்றை எழுதுவோர் தேவாலயத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்துப் பெற்ற ரிச்சர்டு ஆலன், 1794இல் பிலடெல்பியாவில் நிறுவிய பெத்தேல் ஆலயம் அவ்வரலாற்றின் தலைவாயில் எனலாம். ஆயினும், அவ்வாயிலுக்கு வெளியே கிடக்கும் ஓர் அரபு ஏட்டையும் நாம் படித்தாக வேண்டும்.

1831இல் வட கரோலினாவில் உமர் இப்னு ஸயீத் எழுதிய தன்வரலாறு அது. இன்றைய செனகல் நாட்டிலுள்ள ஃபூத்தா தோரோவில் பிறந்து, 25 ஆண்டுகள் கல்வி பயின்ற அவர், 1807இல் சார்ல்ஸ்டன் நகரில் விற்கப்பட்டார். முதல் எசமானிடமிருந்து தப்பியோடிச் சிறைப்பட்டு, பின்னர் ஓவன் குடும்பத்தின் உடைமையானார்.

நஹ்வு பயின்ற கண்ணுக்கு ஏட்டில் பிழைகள் தென்படும். இலக்கணமும் சொல்வளமும் தமக்குப் பெரிதும் மறந்துபோயின என்று அவரே கூறி விடுகிறார். ஆனால் அமைப்பில் அவர் தடுமாறவில்லை. தம் கதைக்கு முன் சூரத்துல் முல்க்கை வைக்கிறார். 'முல்க்' என்பது ஆட்சியையும் உடைமையையும் ஒருங்கே உணர்த்தும் சொல். ஆட்சியனைத்தும் அல்லாஹ்வின் கையில் என்று தொடங்கும் அத்தியாயத்தை, மனிதருக்கு உடைமையாக்கப்பட்டவர் முதலில் வைத்தது தற்செயல் என்று நாம் கருதவில்லை. முதல் எசமானை இறையச்சமற்ற காஃபிர் என்றே குறிக்கிறார்.

எனினும், ஏடு முழுவதையும் மறைமுக எதிர்ப்பாகவே காண்பதும் முறையன்று. ஓவன் குடும்பத்தை அவர் மனமாரப் புகழ்கிறார். பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் ஞானஸ்நானமும் பெற்றவர். முன்பு ஃபாத்திஹா ஓதியதாகவும், இப்போது ஈஸா நபியின் சொற்களில் கிறித்தவர் ஓதும் ஜெபத்தை ஓதுவதாகவும் கூறி, இரண்டையும் எழுதி வைக்கிறார். கிறித்தவர் ஒரு பக்கத்தையும், நம்மவர் மறுபக்கத்தையும் காட்டி அவரைத் தத்தமக்கு உரியவராக்குகின்றனர்.

நம் தீர்ப்பு வேறு. ஆலன் சுதந்திர மனிதராகத் தம் சபையை அமைத்தார்; உமரோ எசமானர்களின் சபையில் அமர்ந்தார். உடல் பிறர் கையில் இருக்கையில் உள்ளத்தின் ஒப்புதலை எதனால் அளப்பது? அடிமை ஒழிப்பைக் காணாமலே மறைந்த அவரது நெஞ்சத்தை அறிந்தவன் இறைவன் ஒருவனே.

2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இவ்வேட்டைப் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. அரபு அறிந்த நம் பிள்ளைகள் வழக்காடுவதற்கு முன், இதனை மூலத்திலேயே முழுமையாகப் படிப்பார்களாக!