நளினகாந்திக்கு டிரம்ஸ்: ‘அகம்’ குழுவின் இரண்டாவது ஆட்டம்

முதல் ஆல்பம் எந்தக் குழுவுக்கும் பல வருடச் சேமிப்பு. கைவசம் இருந்த நல்ல சரக்கு முழுக்க அதில் இறங்கிவிடும். பரீட்சை இரண்டாவதில்தான். ஸ்பெயினின் ‘லா ஒரேஹா தே வான் கோக்’ குழு 1998இல் அறிமுகமாகி, 2000இலேயே இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுவந்து பெருவெற்றி கண்டது. பெங்களூருவின் கர்நாடக ராக் குழுவான ‘அகம்’ அவசரப்படவில்லை. 2012இல் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ வந்தது. ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ 2017இல்தான். அந்தக் காத்திருப்புக்குப் பலன் இருந்ததா என்பதைத் திருச்சிக் காதுகளோடு கேட்டுப் பார்க்கலாம்.

ஆல்பத்தின் உயிர் ‘மனவ்யாலகிஞ்சராததே’. தியாகராஜர் கீர்த்தனை, நளினகாந்தி ராகம். 1993இல் ‘கலைஞன்’ படத்தில் இளையராஜாவும், 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தின் தலைப்புப் பாட்டில் ரகுமானும் எடுத்தாண்ட ராகம்தான். அழகு நிறைய, ஆபத்தும் நிறைய. ச-க-ரி-ம-ப-நி-ச என்று ஆரோகணம். காந்தாரத்தைத் தொட்டுவிட்டு ரிஷபத்துக்கு இறங்கி, அங்கிருந்து மத்தியமம் போக வேண்டும். இந்த வளைவுதான் ராகம். வளைவை நிமிர்த்திவிட்டால் மிச்சம் இருப்பவை சங்கராபரணத்திலும் உள்ள ஸ்வரங்கள். அதாவது மேற்கத்திய மேஜர் ஸ்கேல். கிடாரோ அந்த ஸ்கேலிலேயே வளர்ந்த வாத்தியம். கை கொஞ்சம் அசந்தாலும் நளினகாந்தி போய்விடும்.

அகம் இங்கே தேறுகிறது. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் குரல் போகும் வளைவிலேயே கிடாரும் போகிறது. பாட்டுக்கு அடியில் கார்டுகளை அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கமான ஃப்யூஷன் சோம்பல் இதில் இல்லை. ராகத்தை முதலில் படித்துவிட்டு அப்புறம் ஒலியைக் கூட்டியிருக்கிறார்கள்.

இடறுவது பாவத்தில். தியாகராஜர் இந்தக் கீர்த்தனையில் தம் மனசிடம் கெஞ்சுகிறார். டிரம்ஸும் கோரஸும் சேர்ந்து ஏறும்போது கெஞ்சல் அதட்டலாகிவிடுகிறது, சாகித்யம் அமுங்குகிறது. திருவையாற்றிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து ரங்கநாதர்மேல் பஞ்சரத்தினம் பாடியவர் அவர். அதிலுள்ள காம்போதி ‘ஓ ரங்கசாயி’யை நிதானமாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் குறை உடனே தட்டுப்படும்.

மேடையில் இக்குழு பாடும் ‘ரங்கபுர விஹார’ நமக்கு இன்னும் நெருக்கம். முத்துசுவாமி தீட்சிதர் ஸ்ரீரங்கத்துப் பெருமாளையே ராமனாகக் கண்டு பாடியது. எம்.எஸ். குரலில் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. பிருந்தாவன சாரங்கத்தில் ஏறும்போது காகலி நிஷாதம், இறங்கும்போது கைசிகி. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு வேண்டும். வேகம் கூடினால் அந்த மூச்சு கிடைக்காது. இந்தப் பாட்டில் என் ஓட்டு இன்றும் எம்.எஸ்ஸுக்கே.

ஆனால், தீட்சிதர் கிருதிக்குக் கிடாரா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் தீட்சிதரின் சொந்தத் தம்பி பாலுசுவாமி. தீட்சிதரும் மேற்கத்திய மெட்டுகளைக் காதாரக் கேட்டு, சமஸ்கிருத சாகித்யம் எழுதி நோட்டுஸ்வரங்களாகத் தந்தார். அவருக்கு வராத கோபம் நமக்கு எதற்கு? குறை சொல்ல வேண்டியது வாத்தியத்தை அல்ல, சத்தத்தின் அளவை.

எஃப்.ஜி. நடேச ஐயர் 1914இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவும், 1939இல் வந்த வானொலி நிலையமும் பழக்கிய காது திருச்சிக்காரர்களுடையது. எது ராகம், எது வெறும் ஓசை என்று பிரித்துச் சொல்ல இந்த ஊருக்குத் தெரியும். கல்லூரி விழாக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருக்கும் இத்தகைய குழுக்களை நம் சபாக்கள் வருடத்தில் ஒரு மாலையாவது அழைக்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரரிடம் டிரம்ஸைக் குறைத்து, குரலைக் கூட்டி வைக்கச் சொன்னால் போதும். மற்றதைக் கேட்பவர்கள் தீர்மானிப்பார்கள்.