நாலரைக் கட்டையில் தொடங்கும் மோகனம்

88 கட்டை! 52 வெள்ளை, 36 கறுப்பு. இந்தக் கணக்கை நான் சொல்லாத ஆள் இப்போது தென்காசியில் பாக்கி இல்லை. பால்காரரிடம் சொல்லிவிட்டேன், பேங்க் வரிசையில் முன்னால் நின்றவரிடம் சொல்லிவிட்டேன், ஐந்தருவியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற, யாரென்றே தெரியாத ஒரு மதுரைக்காரரிடம் அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தன், சரளி வரிசைகூட முறையாகப் படிக்காதவன், குற்றாலத்துச் சாரலில் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கிவைத்திருக்கிறேன். இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்க? உங்களிடம்தான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் இசைக்கருவி விற்கிற கடை. உள்ளே நுழைந்ததும் கண்ணைப் பறித்தது 61 கட்டை கீபோர்டுகள்தான். நூற்றுக்கணக்கான சத்தம், தபலா இருக்கிறது, வீணை இருக்கிறது, ஒரு பொத்தானைத் தட்டினால் தாளமே தானாக ஓடுகிறது. கடைக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, சத்தத்த விடுங்க. இங்க வாங்க, இந்தக் கட்டைய மட்டும் ஒருதரம் அமுக்கிப் பாருங்க" என்று மூலையில் நின்ற, பொத்தானே அதிகமில்லாத ஒரு நீளக் கறுப்புப் பலகைக்கு முன்னால் என்னை உட்காரவைத்தார்.

அமுக்கினேன். ஐயோ, அந்தக் கனம்! ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்கள்: விரல் இறங்குகிறது, அடியில் எதுவோ உங்களுக்கு மறுப்புச் சொல்கிறது, நீங்கள் இன்னும் கொஞ்சம் மனசுவைத்து அழுத்துகிறீர்கள், எங்கோ உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிப் போவது விரல் நுனியில் தெரிகிறது, அப்புறம் சத்தம் வருகிறது. மெல்லத் தொட்டால் மெல்லக் கேட்கிறது, குத்தினால் குத்துகிறது, நடுவில் எத்தனையோ படி! கீபோர்டுக் கட்டைகளில் ஸ்பிரிங்தான் விரலை மேலே தள்ளும். இதில் ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் நிஜமான எடை இருக்கிறது. 1700 வாக்கில் இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகரத்தில், பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி என்ற மனிதர் கம்பியைச் சுத்தியலால் தட்டவைத்து, விரலின் வேகத்தையே சத்தத்தின் அளவாக்கினார். அதற்கு முன்னால் இருந்த ஹார்ப்சிகார்டில் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் கம்பி ஒரே அளவில்தான் பேசும். நம்மூர் ஆர்மோனியத்திலும் அப்படித்தானே, துருத்தி போடுகிற கைதான் சத்தத்தைக் கூட்டும் குறைக்கும், கட்டையை அமுக்குகிற விரலுக்கு அதில் வேலையே கிடையாது. அந்த மனிதர் கண்டுபிடித்த சந்தோஷம் 300 வருஷம் தாண்டி நெல்லையில் என் ஆள்காட்டி விரலுக்கு வந்து சேர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? கலங்கியது. கடைக்காரர் பார்த்துவிட்டு டீ சொன்னார்.

இன்னொன்று. இடது கோடியில் இருக்கிற கட்டைகள் கனம், வலது பக்கம் போகப் போக இலேசு. நிஜப் பியானோவில் கீழ்ச் சுரங்களுக்குப் பெரிய சுத்தியல், மேல் சுரங்களுக்குச் சின்ன சுத்தியல் என்பதால் வருகிற வித்தியாசம் அது. அதையும் செய்துவைத்திருக்கிறார்கள்! இடது ஓரத்துக் கடைசிக் கட்டையைத் தட்டினேன். 27.5 ஹெர்ட்ஸ், காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத்தான் கேட்கும். வலது ஓரத்துக் கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ். குற்றாலத்துக்காரனுக்கு வேறு எப்படித் தோன்றும்? இடது கோடியில் பேரருவி, வலது கோடியில் சிற்றருவி. நடுவில் உட்கார்ந்திருப்பது நான்!

சரி, எங்கள் ஊருக்கு டிஜிட்டல் எதற்கு, நிஜப் பியானோவே வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிஜப் பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 18, 20 டன் வரும். அந்த இழுப்புக்குள்ளே மெல்லிய மரப்பலகை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பலகை உப்பும், வற்றினால் சுருங்கும், சுருதி நகர்ந்துவிடும். ஆனி, ஆடியில் எங்கள் வீட்டுத் துணியே மூன்று நாளைக்குக் காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், கதவு நிலையில் மாட்டிக்கொள்ளும். இதில் 230 கம்பியைச் சுருதியில் நிறுத்த ஆளை எங்கிருந்து கூட்டிவர? டிஜிட்டலில் கம்பியே கிடையாது. கட்டை இறங்குகிற வேகத்தை உணரி அளக்கிறது, பெரிய மேடைப் பியானோவின் நாதத்திலிருந்து உருவாக்கிய சத்தம் அந்த வேகத்துக்கு ஏற்றபடி வருகிறது. அடைமழையிலும் சுருதி ஒரு நூல் அசையாது. ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தேன், பருத்தித் துணி போட்டு மூடுகிறேன், சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு பக்கத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான் பராமரிப்பு. கரண்ட் போனால் இன்வெர்ட்டரிலேயே ஓடுகிறது, அதுபாட்டுக்கு!

என் கையில் வந்தது ரோலண்ட் எஃப்பி-10. யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, கவாய் இஎஸ்120 என்று நல்ல பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், எல்லாம் 88 கட்டை, எல்லாம் சுத்தியல் கனம். யமஹா 11 கிலோ சொச்சம்தான், தூக்க அவ்வளவு இலேசு. ஆனாலும் என் மனசு விழுந்தது எஃப்பி-10 கட்டையில். அதை மிக மெதுவாக, தூங்குகிற குழந்தையை எழுப்பாத வேகத்தில் அமுக்கிப் பாருங்கள், அடி தொடுவதற்குச் சற்று முன்னால் விரலுக்கு ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படும். பெரிய பியானோவில் சுத்தியல் கட்டையை விட்டுப் பிரிகிற அந்தக் கணம் இருக்கிறதே, அதன் சாயல். கட்டையின் மேற்பரப்பிலும் தந்தத்தைத் தொட்ட மாதிரி மெல்லிய சொரசொரப்பு, புழுக்கத்தில் விரல் வேர்த்தாலும் வழுக்குவதில்லை. கடையில் அந்த ஒரே கட்டையை நான் எத்தனை முறை அமுக்கினேனோ, கடைப்பையன் வேடிக்கை பார்க்க வந்துவிட்டான்.

நீங்கள் வாங்கப் போனால், தயவுசெய்து, இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் ஹெட்போனைக் கையோடு கொண்டுபோங்கள், கடையில் எப்போதும் யாராவது டிரம்ஸ் தட்டிக்கொண்டிருப்பார்கள். வாசிக்கத் தெரியாதே என்று கூச்சப்படாதீர்கள், தேவையே இல்லை. ஒரு கட்டையை உங்களால் முடிந்த மட்டும் மெதுவாகத் தட்டி, மெல்லிய சத்தத்தை அது கொடுக்கிறதா பாருங்கள். வெள்ளைக் கட்டையின் நுனியில் அமுக்குங்கள், பிறகு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ளே தள்ளி அமுக்குங்கள், அங்கே ரொம்பவும் இறுகிப்போனால் பின்னாளில் விரல் வலிக்கும். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், கட்டைகள் மட்டும் எழுப்புகிற தட்தட் ஒலி எவ்வளவு என்று தெரியும், மாடியில் குடியிருப்பவர்களுக்கு அது முக்கியம். ஒரே சமயத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், 64, 96, 192 என்று. பெடலை மிதித்தால் விட்ட சுரமும் ஒலித்துக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தக் கணக்கு. ஆரம்பக்காரருக்கு 64 தாராளம், அந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். எத்தனை வகைச் சத்தம் இருக்கிறது என்பதையும் மறந்துவிடுங்கள். கட்டை, கட்டை, கட்டை! விலை சின்னப் பணம் இல்லை என்பது தெரியும். ஆனால் விரல் எதில் பழகுகிறதோ அதுதான் கைக்கு நிற்கும் என்பதால் இந்தக் கனத்துக்குக் கொடுக்கிற காசு ஒவ்வொன்றும் தகும்.

ஒரே ஒரு குறை சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் குறையா என்றும் தெரியவில்லை: இந்த ரகப் பியானோக்களோடு வருகிற குட்டிப் பெடல் மொசைக் தரையில் ஓடிப்போகும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் தீர்ந்தது.

நாலரை அடிக்குள் அடங்குகிற பியானோ, 12 கிலோ சொச்சம், பெட்டியோடு காரின் பின்சீட்டில் குறுக்கே படுத்துக்கொண்டது. ஆலங்குளம் தாண்டியதும் காற்று மாறும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், பாவூர்சத்திரம் வரும்போது மலை தெரிந்தது, கண்ணாடியில் சாரல் பொட்டுப் பொட்டாக விழுந்தது, நான் வண்டியை நிறுத்தி, பெட்டி நனையவே முடியாது என்று தெரிந்தும், என் சட்டைக்கு மேலே போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தினேன். வீட்டு வாசலில் இறக்கும்போது பக்கத்து வீட்டு ஆச்சி, "எய்யா, கல்யாணப் பெட்டியா?" என்றார். "ஆமா ஆச்சி" என்றேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் எங்கே வந்தது? எழுந்து போய்த் துணியை விலக்கிப் பார்ப்பேன், இருக்கிறது, வந்து படுப்பேன், மறுபடி எழுந்து போவேன்.

இப்போது வருகிறது, என்னைப் பைத்தியமாக்கிய விஷயம். பியானோ டீச்சர் முதல் வகுப்பிலேயே, "அண்ணாச்சி, வெள்ளைக்கட்டையத் தொடாதீங்க, கறுப்புல மட்டும் விளையாடுங்க" என்றார். கட்டைகளுக்கு எண், பாடகர்கள் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சொல்வார்களே, அதே ஆர்மோனியக் கணக்கு: வெள்ளைக்கு முழு எண், நடுவில் வருகிற கறுப்புக்கு அரை. பக்கத்தில் செங்கோட்டையில் பிறந்து, 27 வயதுக்குள் தமிழ் நாடக மேடையையே ஆண்டுவிட்டு 1933-ல் போய்ச்சேர்ந்த எஸ்.ஜி.கிட்டப்பா காலத்து ஆர்மோனியக்காரர்கள் கேட்டாலும் புரிந்துகொள்கிற பாஷை. நாலரைக் கட்டையை ஸட்ஜமமாக வைத்துக் கறுப்பில் மட்டும் ஏறினேன். மோகனம்! நான், இந்தக் கை, முதல் நாளிலேயே, மோகனம்! அப்படியே அடுத்த கறுப்பில், ஐந்தரையில் தொடங்கிப் பாருங்கள், மத்தியமாவதி. ஆறரையில் தொடங்குங்கள், இந்தோளம், ஆமாம், இந்தோளமேதான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் டீச்சரைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டி, இன்னும் போங்க என்கிறார், ஒன்றரையில் தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டரையில் தொடங்கினால் சுத்த தன்யாசி, அதே ஐந்து கறுப்புக் கட்டை, ஒன்றைக்கூட மாற்றவில்லை, உட்கார்கிற இடத்தை மட்டும் மாற்றுகிறோம், ஐந்து ராகம் ஐந்து முகத்தோடு எழுந்து வருகிறது! கிரக பேதம் என்று வித்வான்கள் சொல்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கச்சேரியில் எல்லாரும் கை தட்டும்போது நானும் தட்டியிருக்கிறேன், ஆனால் அதைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொட்டு எண்ணலாம் என்று யார் சொன்னார்கள் எனக்கு? வெள்ளைக்குப் போனால் இன்னும் பெரிய திருவிழா: ஒரு கட்டையில் தொடங்கி வெள்ளையில் மட்டும் ஏறினால் சங்கராபரணம், இரண்டில் கரகரப்பிரியா, மூன்றில் தோடி, நாலில் கல்யாணி, ஐந்தில் அரிகாம்போதி, ஆறில் நடபைரவி, ஏழுக்கு மட்டும் பஞ்சமம் கிடைக்காது. இத்தனையும் ஒரே பலகையில், என் வீட்டுக் கூடத்தில், வெளியே சாரல் பெய்துகொண்டிருக்க! கமகம் வளையாதுதான், தோடி தோடியாகக் குழையாதுதான், ஆனால் ராகங்களின் எலும்புக்கூடு இப்படி வெட்டவெளிச்சமாக என் முன்னால் கிடக்கும்போது அதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்போன் போட்டுக்கொள்வேன். பெரியவர்கள் படிக்க வந்தால் முதல் எதிரி வெட்கம், அதை இந்த ஒரு கம்பி அறுத்துவிடுகிறது. தப்பு எத்தனை வந்தாலும் என் காதோடு சரி. இடது கையில் மூன்று சுரம் சேர்த்து அமுக்கி, வலது கையில் மெட்டைத் தேடும்போது, இளையராஜா பாட்டில் இத்தனை நாள் குரலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த பேஸ் என் காதில் தனியாக நடக்க ஆரம்பிக்கிறது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் அவர் மேற்கத்திய இசை படித்த கதையைப் பலமுறை வாசித்திருக்கிறேன், அங்கே எதைப் படித்திருப்பார் என்று இப்போதுதான் ஒரு துளி பிடிபடுகிறது. டிரினிட்டி இசைக் கிரேடு தேர்வுகளுக்கு வயது வரம்பே கிடையாது என்று டீச்சர் சொன்னதும் என் முதல் தேர்வுக்கான புத்தகத்தை வரவழைத்துவிட்டேன். தேர்வுக்குக் காத்திருக்கிற இடத்தில் என் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இருக்கட்டுமே! அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேச எனக்கு எவ்வளவு விஷயம் இருக்கிறது!

தமிழ்க் கவிதையை ரசித்தே பேர்வாங்கிய ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வாழ்ந்த குற்றாலம் இது, இங்கே ஒருத்தன் ஒன்றை ரசித்துவிட்டுச் சும்மா இருந்தால் ஊரே மன்னிக்காது. அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரையும் விடுவதில்லை, கறுப்புக் கட்டையில் உட்காரவைத்து மோகனம் வாசிக்கவைத்துத்தான் காப்பி. பக்கத்து வீட்டு ஆச்சியும் வாசித்துவிட்டார். செங்கோட்டையில் என் சிநேகிதர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அன்றைக்கு ஆறரைக் கட்டையில் இந்தோளத்தைக் கண்டுபிடித்துவிட்டு அரை மணி நேரம் எழவே இல்லை. நேற்று போன் பண்ணினார்: "வே, சனிக்கிழமை திருநெல்வேலி போவோமா?" ஹெட்போனை இப்போதே பையில் எடுத்துவைத்துவிட்டேன். அந்தக் கடை மூலையில் அவரை உட்காரவைத்து, முதல் கட்டையை அவர் அமுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் எனக்கு.